எச்-இன்டெக்ஸ் 60 என்றால் என்ன? புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் பணியை உள்ளே போய்ப் படிக்கும் முறை

கோவை, ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரத்தில் பயோடெக்னாலஜியோ பயோகெமிஸ்ட்ரியோ முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு கைடு தேடும் மாணவர் முதலில் திறப்பது பேராசிரியரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத்தான். வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: மொத்த மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ் (பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை). கல்லூரி வாசலில் கட்டும் ஃபிளெக்ஸிலும் இதே எண்கள்தான். இவை எப்படி வருகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன, எண்ணைத் தாண்டி ஒரு புற்றுநோய் மூலக்கூறு உயிரியலாளரின் வேலையை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று இந்தக் கட்டுரை விளக்குகிறது. டி.என்.ஏ., புரதம், செல் ஆகிய மூன்றும் என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

எண்கள் எப்படிப் பிறக்கின்றன

ஓர் ஆய்வுக் கட்டுரையின் முடிவில், அது துணைக்கு எடுத்துக்கொண்ட பழைய கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை ஒருமுறை வந்தால் உங்கள் கணக்கில் ஒரு மேற்கோள். இதைப் பெரிய அளவில் தொகுக்கத் தொடங்கியவர் அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்ட். அவருடைய நிறுவனம் 1964-இல் சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸை வெளியிட்டது. இதழ்களுக்கான இம்பேக்ட் ஃபேக்டரும் அவர் வழி வந்ததுதான். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 120 கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது, அவற்றுக்கு இந்த ஆண்டில் 480 மேற்கோள்கள் கிடைத்திருக்கின்றன என்றால் இம்பேக்ட் ஃபேக்டர் 4. இது இதழுக்கான சராசரி; அதில் எழுதிய ஆளுக்கான மதிப்பெண் அல்ல. சில கட்டுரைகளே மேற்கோளில் பெரும்பங்கை வாரிக்கொள்ளும், மற்றவை நான்கைந்தோடு நிற்கும். அதனால்தான் இதழின் எண்ணை வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012-இல் அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில் ஓர் அறிக்கை உருவானது. டோரா என்று அதை அழைக்கிறார்கள். உலகெங்கும் பல நிறுவனங்கள் கையெழுத்திட்டன. நம் ஊர் நேர்முகத் தேர்வுகளில் இம்பேக்ட் ஃபேக்டரைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை.

எச்-இன்டெக்ஸைக் கொண்டுவந்தவர் உயிரியலாளரே அல்ல. சான் டியாகோவில் இருக்கும் இயற்பியலர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தார். கணக்கு எளிது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். 90, 40, 12, 7, 6, 5, 2 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், 5-க்குக் குறையவில்லை. ஆறாவதற்கு 5, அது 6-க்குக் குறைவு. ஆக எச்-இன்டெக்ஸ் 5. எச்-இன்டெக்ஸ் 60 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 60 மேற்கோள் பெற்ற 60 கட்டுரைகள் அவருக்கு இருக்கின்றன என்று பொருள். முதல் கட்டுரைக்கு 90-க்குப் பதில் 9,000 மேற்கோள் கிடைத்தாலும் விடை அதே 5 தான். மூன்றே கட்டுரை எழுதி ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றவருக்கு எச்-இன்டெக்ஸ் 3. முப்பது பேர் கொண்ட ஆய்வகத்தை நடத்தி ஆண்டுக்கு இருபது சுமாரான கட்டுரைகளில் பெயர் வரச் செய்தவருக்கு 40, 50 என்று ஏறும். வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது.

அதே ஆளுக்கு மூன்று இடங்களில் மூன்று எண் வருவது ஏன் என்று பலர் குழம்புகிறார்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், அச்சுக்கு முந்தைய வரைவுகள், மாநாட்டுச் சுருக்கங்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டுமே எண்ணும். அதனால் கூகுள் எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். இரண்டு பேரை ஒப்பிட்டால் இருவரையும் ஒரே இடத்தில் ஒப்பிடுங்கள்.

மேற்கோள் அதிகம் வாங்குவது பெரும்பாலும் கண்டுபிடிப்பே அல்ல என்பது இன்னொன்று. வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க லௌரி குழு 1951-இல் சொன்ன செய்முறை. மூன்று லட்சத்தைத் தாண்டியது. செய்முறைக் கட்டுரைக்கு அடுத்தபடி வருவது விமர்சனக் கட்டுரை, அதாவது மற்றவர்கள் கண்டதைத் தொகுத்து ஒழுங்குபடுத்தும் ரிவ்யூ. டக்ளஸ் ஹனஹனும் ராபர்ட் வைன்பெர்க்கும் 2000-இல் செல் இதழில் எழுதிய புற்றுநோயின் அடையாளங்கள் பற்றிய கட்டுரை அந்த வகை. புற்று செல்லுக்குப் பொதுவான ஆறு தன்மைகளை அடுக்கியது. 2011-இல் இருவரும் அதை விரித்தார்கள். அது நல்ல தொகுப்பு, மேற்கோளுக்குத் தகுதியானது. ஆனால் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூட வேலையைப் பார்க்க வேண்டுமானால் 1982-க்குப் போக வேண்டும்: மனிதச் சிறுநீர்ப்பைப் புற்று செல்லிலிருந்து எடுத்த ராஸ் மரபணுவில் 12-ஆம் கோடானில் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி) ஒரே ஓர் எழுத்து மாறி கிளைசின் இடத்தில் வாலைன் வந்திருக்கிறது என்று அவருடைய ஆய்வகமும் வேறு இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காட்டின. ஓர் எழுத்துப் பிழையில் செல் தறிகெட்டுப் பெருகலாம் என்பதற்கு அதுவே நேரடிச் சான்று. ராஸ் குடும்பத்தின் இன்னொரு மாற்றத்தைக் குறிவைத்த சோட்டோராசிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2021-இல். இடைப்பட்ட 39 ஆண்டுகளை எந்த இன்டெக்ஸும் காட்டாது.

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது

உயிரியல் கட்டுரையில் ஆசிரியர் பெயர்வரிசைக்கு அர்த்தம் உண்டு. முதல் பெயர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவருடையது, பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர். கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர்: யோசனை, பணம், பொறுப்பு அவருடையது. நட்சத்திரக் குறி தொடர்புக்குரியவரைக் காட்டும். நடுவில் வருபவர்கள் ஒரு சோதனைக்கு உதவியவர்களாகவோ, மாதிரி கொடுத்த மருத்துவராகவோ, புள்ளியியல் பார்த்தவராகவோ இருக்கலாம். சில இடங்களில் மரியாதைக்குச் சேர்த்த துறைத் தலைவராகவும் இருக்கலாம், அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. எச்-இன்டெக்ஸ் இந்த வேறுபாடு எதையும் பார்க்காது. 14 பேரில் ஒன்பதாவது பெயருக்கும் முதல் பெயருக்கும் ஒரே கணக்கு.

எனவே ஒருவரின் பட்டியலை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: முதல் பெயராக வந்தவை, கடைசிப் பெயராக வந்தவை, நடுவில் வந்தவை. பிஎச்.டி.யிலும் முதுமுனைவர் காலத்திலும் முதல் பெயர், சொந்த ஆய்வகம் அமைந்த பிறகு கடைசிப் பெயர் என்று நகர்ந்தால் அது இயல்பான வளர்ச்சி. நடுப்பெயர்களே முக்கால்வாசி என்றால் எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம்.

ஒரு கருத்தைப் பத்தாண்டு பின்தொடர்ந்தால்: பி53

ஆளை விட்டுவிட்டு அவர் சொன்ன ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுவாரியாகப் போவதுதான் சிறந்த வழி. அதற்குப் பி53 புரதத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

1979-இல் பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவினும், லண்டனில் டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வைரஸின் டி-ஆன்டிஜென் புரதத்தை, அதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி கொண்டு பிடித்து இழுத்தபோது, கூடவே செல்லின் சொந்தப் புரதம் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு வேறு வழியாக அதையே கண்டது. புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் அது 53 ஆயிரம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) இடத்தில் நின்றதால் பி53. உண்மையான எடை 44 ஆயிரத்தை ஒட்டியதுதான். புரோலின் அமினோ அமிலம் நிறைந்த பகுதி ஒன்று ஜெல்லில் அதை மெதுவாக ஓடவைக்கிறது.

புற்று செல்களில் இது நிறைய இருந்தது. 1984-இல் பி53 மரபணுவை ராஸோடு சேர்த்துச் சாதாரண செல்லுக்குள் செலுத்தியபோது செல் புற்றுத் தன்மைக்கு மாறியது. ஆகவே இது புற்றைத் தூண்டும் மரபணு என்று பாடநூல் வரை எழுதப்பட்டது. ஆண்டுகள் ஓடின, கட்டுரைகள் குவிந்தன, மேற்கோள்களும் குவிந்தன.

பிழை எங்கே இருந்தது? சோதனைக்கு எடுத்த நகல்களிலேயே. அவற்றில் பல, புற்று செல்லிலிருந்து எடுக்கப்பட்டு ஏற்கெனவே மாற்றம் அடைந்தவை. 1989-இல் லெவினின் ஆய்வகமே மாற்றம் இல்லாத நகலை எடுத்துச் சோதித்தது. அது புற்றைத் தூண்டவில்லை, அடக்கியது. அதே ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பெருங்குடல் புற்றுக் கட்டிகளைப் பார்த்தது: பி53 மரபணு இருக்கும் 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு பிரதி தொலைந்திருந்தது, மிஞ்சிய பிரதியில் பி53 கெட்டுப்போயிருந்தது. இரண்டு தனித்தனிப் பாதைகள் ஒரே இடத்தில் வந்து முட்டின. இன்று மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு பழுதடைந்திருப்பது தெரியும். டி.என்.ஏ. சேதமடைந்தால் பி53 அளவு உயர்ந்து செல் பிரிவதை நிறுத்தும். பழுதுபார்க்க முடியாவிட்டால் செல்லைச் சாகவைக்கும். அந்தக் காவல் போனால் சேதமடைந்த செல்லும் பிரிந்துகொண்டே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது: 1989-க்கு முந்தைய கட்டுரைகளின் மேற்கோள்கள் இன்றும் அவரவர் கணக்கில் அப்படியே இருக்கின்றன. அவர்கள் ஏமாற்றவில்லை, செய்த சோதனை அப்படித்தான் காட்டியது. ஆனால் மேற்கோள் எண்ணிக்கை சரியான கருத்தையும் கவிழ்ந்த கருத்தையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. லெவினின் பெருமையை அளக்கும் நியாயமான கோல், கண்டுபிடித்தவரே பத்தாண்டு கழித்துத் தன் துறை நம்பியதைத் தன் ஆய்வகத்திலேயே கவிழ்த்தார் என்பது. அதற்கு இன்டெக்ஸ் கிடையாது.

நாமக்கல் கோழித்தீவனத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு கிளை பழக்கமானதாக இருக்கும். ஈரப்பதத்தோடு அடுக்கிய மக்காச்சோளத்திலும் கடலையிலும் வளரும் பூஞ்சையின் அஃப்ளடாக்ஸின் நஞ்சு, பி53 மரபணுவின் 249-ஆம் கோடானில் ஜி எழுத்தை டி ஆக மாற்றுகிறது. அர்ஜினின் இடத்தில் செரின் வருகிறது. சீனாவிலும் தென்னாப்பிரிக்கப் பகுதிகளிலும் கல்லீரல் புற்று நோயாளிகளிடம் இந்த ஒரே தடம் திரும்பத் திரும்பக் கிடைத்ததை 1991-இல் இரண்டு குழுக்கள் வெளியிட்டன. நஞ்சு, மரபணுவில் அது விட்ட தடம், நோய் என்று மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும் உதாரணங்கள் இந்தத் துறையில் குறைவு.

ஈரோட்டு மஞ்சளும் ஒரு பெரிய எச்-இன்டெக்ஸும்

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின் புற்றைக் குணப்படுத்தும் என்ற பேச்சு மண்டி முதல் மருந்துக்கடை வரை உண்டு. அந்தப் பேச்சுக்கு அறிவியல் முகம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பரத் அகர்வால். இந்தியாவில் பிறந்து பெர்க்லியில் பிஎச்.டி. முடித்தவர். 1980-களில் ஜெனன்டெக் நிறுவனத்தில் இருந்தபோது டிஎன்எஃப் எனப்படும் அழற்சிப் புரதத்தையும் அதன் உறவுப் புரதமான லிம்ஃபோடாக்ஸினையும் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். 1984, 1985 ஆண்டுகளில் அவை வெளிவந்தன. 1989 முதல் 2015 வரை ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பணி. 1995-இல் குர்குமின், என்எஃப்-கப்பா பி என்ற அழற்சிச் சுவிட்சை அடக்குகிறது என்று எழுதினார். அதன் பிறகு குர்குமின் பற்றி ஏராளமான கட்டுரைகள், உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்களில் ஒருவர் என்ற பெயர்.

2016-இல் பயோகெமிக்கல் ஃபார்மகாலஜி இதழ் அவர் பங்கேற்ற ஏழு கட்டுரைகளை ஒரே சமயத்தில் திரும்பப் பெற்றது. படங்களின் நம்பகத்தன்மை குறித்த ஐயமே காரணம். பிற இதழ்களும் சேர்ந்து அந்த எண்ணிக்கை 20-ஐத் தாண்டிவிட்டது. திரும்பப் பெற்ற கட்டுரையின் பழைய மேற்கோள்கள் கணக்கிலிருந்து கழிவதில்லை. அறிவிப்பைக் கவனிக்காதவர்கள் புதிதாகவும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்தப் பணிவாழ்க்கையை ஒரே எண்ணில் எப்படி எழுத முடியும்? டிஎன்எஃப் வேலையைப் பல ஆய்வகங்கள் தனித்தனியே உறுதிசெய்தன. டிஎன்எஃபைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசிகள் இன்று முடக்குவாதத்துக்கு நம் ஊர் மருத்துவமனைகளிலும் போடப்படுகின்றன. குர்குமின் பக்கத்தில் அப்படி ஒரு மருந்து இல்லை. 2017-இல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் கேத்ரின் நெல்சனும் சக வேதியியலாளர்களும் குர்குமின் ஆய்வுகளை அலசினார்கள். 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் மாத்திரை என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் நடத்தப்பட்ட எதுவும் வெற்றிபெறவில்லை என்று எழுதினார்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆய்வுக்கூடத் தட்டில் புற்று செல்லில் பாதியைக் கொல்ல, பல கட்டுரைகளில் 10 முதல் 30 மைக்ரோமோலார் (கரைசல் செறிவின் அலகு) குர்குமின் தேவைப்படுகிறது. நோயாளிகள் நாளொன்றுக்கு 8 கிராம் தூய குர்குமின் விழுங்கிய 2001 ஆய்வில் இரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலார். மஞ்சளில் 3 சதவீதம் குர்குமின் என்று வைத்தால், 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். சாம்பாரிலும் பொரியலிலும் ஒருவருக்கு ஒரு நாளில் சேருவது ஓரிரு கிராம். தட்டிலும் குர்குமின் நிலைத்து நிற்பதில்லை: சீரம் கலக்காத 7.2 பிஎச் கரைசலில், 37 டிகிரியில், அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். 48 மணி நேரச் சோதனையில் செல்லைப் பாதித்தது குர்குமினா, அதன் சிதைவுப் பொருளா என்ற கேள்வி அப்போதே எழ வேண்டும்.

சமையலுக்கு மஞ்சள் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாகப் போடலாம். ஆனால் கீமோ எடுப்பவர்கள் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல்களைத் தாங்களாக வாங்கிச் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

ஒடித்துப் பார்ப்பது

ஈரோட்டு ஏலத்தில் மூட்டைக் கணக்கை மட்டும் கேட்டு யாரும் விலை சொல்வதில்லை. விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்த பிறகுதான். புற்றுநோய்க் கட்டுரையில் ஒடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: செல், அளவீடு, படம்.

முதலில் செல். ஆய்வகத்தில் வளர்க்கும் புற்று செல்கள் பெரும்பாலும் பழைய வரிசைகள், அதாவது எப்போதோ எடுத்துத் தொடர்ந்து வளர்த்துவருபவை. நம் மாநிலக் கல்லூரிகள் பொதுவாக புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்குகின்றன. கேபி என்ற வரிசையை வாய்ப்புற்று செல் என்றும், ஹெப்-2 வரிசையைக் குரல்வளைப் புற்று என்றும், சாங் லிவரைச் சாதாரணக் கல்லீரல் செல் என்றும் எழுதும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. மூன்றுமே ஹீலா, அதாவது கர்ப்பப்பை வாய்ப்புற்று செல், பல பத்தாண்டுகளுக்கு முன்பே புகுந்து ஆக்கிரமித்தவை. சாங் லிவரை ஒப்பீட்டுக்கான நல்ல செல்லாக வைத்து, எங்கள் மூலிகை புற்றை மட்டும் கொல்கிறது என்று முடித்தால், இரண்டு பக்கமும் புற்று செல்லே இருந்தது என்று பொருள். எஸ்டிஆர் எனப்படும் டி.என்.ஏ. அடையாளச் சோதனை செய்து செல்லின் அடையாளத்தை உறுதிசெய்தோம் என்ற வரி செய்முறைப் பகுதியில் இருக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா சோதனையும் வேண்டும். இந்த நுண்ணுயிருக்குச் செல்சுவர் கிடையாது, அதனால் ஊடகத்தில் சேர்க்கும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, கலங்கலும் தெரியாது. செல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், அளவுகள் மட்டும் கோணும்.

எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்று செல்லைப் பற்றி ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செல்லைச் சாகவைக்கும் கேஸ்பேஸ்-3 என்ற புரதம் அதில் செயல்படும் வடிவில் கிடையாது. மரபணுவில் 47 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. எங்கள் மருந்து எம்சிஎஃப்-7 இல் கேஸ்பேஸ்-3-ஐத் தூண்டியது என்று துலக்கமான பட்டையோடு கட்டுரை வந்தால், செல் வேறா, ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்ததா என்று கேட்க வேண்டியிருக்கும். இதுபோலவே ஹீலாவில் பாப்பிலோமா வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐ அழித்துக்கொண்டே இருக்கும்; பிசி-3 புராஸ்டேட் செல்லில் பி53 இல்லவே இல்லை.

அடுத்து அளவீடு. கொங்குநாட்டு எம்.எஸ்சி. புராஜெக்டுகளில் பாதிக்குப் பாதி, உயிருள்ள செல்களை நிறத்தால் மதிப்பிடும் எம்டிடி சோதனை என்றால் மிகையில்லை. டிம் மாஸ்மன் 1983-இல் வெளியிட்ட முறை. 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல்கள், 100 மைக்ரோலிட்டரில். 24 மணி நேரம் ஒட்டவிட்டு மருந்து சேர்த்து 48 மணி நேரம். பிறகு லிட்டருக்கு 5 கிராம் செறிவுள்ள எம்டிடி கரைசலில் 10 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம். உயிருள்ள செல் மஞ்சள் நிற எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் படிக்க வேண்டும்.

கெடுவது எங்கே என்றால், முதலாவது மூலிகைச் சாறே எம்டிடியை ஊதாவாக்கிவிடும். ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் தன்மை உள்ள எதுவும், செல்லே இல்லாத குழியிலும் இதைச் செய்யும். ஆகவே செல் இல்லாமல் சாறும் எம்டிடியும் மட்டும் போட்ட குழிகள் கட்டாயம் வேண்டும். இரண்டாவது, கரைப்பான். 20 மைக்ரோமோலார் குர்குமின் வேண்டுமென்றால் 7.4 மில்லிகிராமை ஒரு மில்லி டிஎம்எஸ்ஓவில் கரைத்து 20 மில்லிமோலார் இருப்பு செய்து, ஆயிரத்துக்கு ஒன்றாக நீர்க்க வேண்டும். அப்போது டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம்தான். இருப்பு நீர்த்துப்போயிருந்தால் டிஎம்எஸ்ஓ 1, 2 சதவீதம் ஏறி அதுவே செல்லைக் கொல்லும். ஒப்பீட்டுக் குழிகளிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். மூன்றாவது, ஓரக் குழிகள் ஆவியாகி அளவு தப்பும்; அவற்றில் வெறும் பஃபரை ஊற்றி விட்டுவிடுவது நல்லது. நான்காவது, ஒரே நாளில் மூன்று குழி போட்டுவிட்டு மூன்று முறை செய்தோம் என்று எழுதுவது. வேறு வேறு நாளில், வேறு பாசேஜ் (செல்லைப் புதுக் கலத்துக்கு மாற்றி வளர்த்த சுற்று) செல்லில் செய்தால்தான் அது மூன்று. எம்டிடி காட்டுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தை; நிறம் குறைந்தால் செல் செத்தது என்று உடனே எழுத முடியாது, வெறுமனே பெருகாமல் நின்றிருக்கலாம்.

மூன்றாவது, ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம். ஒரு தடத்துக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம் ஏற்றி ஜெல்லில் ஓட்டி, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியில் இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்துப் பட்டை எடுக்கிறார்கள். எல்லாத் தடத்திலும் சம அளவு புரதம் ஏறியதா என்று காட்ட 42 கிலோடால்டனில் ஆக்டின் பட்டை. கரிக்கட்டையாகக் கறுத்த ஆக்டின் பட்டையால் பயனில்லை. செறிந்துவிட்டால் வித்தியாசம் மறைந்துபோகும். ஒரே ஆக்டின் பட்டை இரண்டு வெவ்வேறு சோதனைகளுக்குக் கீழே இருக்கிறதா, புரட்டிப் போட்டதா, பின்புலத்தில் வெட்டிய கோடு தெரிகிறதா என்று 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரே தடம் இரண்டு படத்தில் வந்திருப்பதை இப்படித்தான் வாசகர்கள் கண்டுபிடித்து, வெளியான கட்டுரைகளை விவாதிக்கும் பப்பியர் தளத்தில் எழுதுகிறார்கள்.

இந்த வகைச் சோதனையே ஒருவரின் பணியாக மாறியதும் உண்டு. சிட்னியின் ஜெனிஃபர் பைர்ன் மார்பகப் புற்றோடு தொடர்புள்ள டிபிடி52 குடும்ப மரபணுக்களை ஆராய்ந்தவர். தன் மரபணுவைப் பற்றி அச்சில் வார்த்ததுபோல ஒத்த கட்டுரைகள் வருவதையும், அவற்றில் கொடுத்திருந்த டி.என்.ஏ. எழுத்துவரிசைகள் சொன்ன மரபணுவுக்குப் பொருந்தாததையும் கவனித்தார். கணினியியலர் சிரில் லாபேயுடன் சேர்ந்து அத்தகைய வரிசைகளைத் தானாகச் சோதிக்கும் சீக் அண்ட் பிளாஸ்ட்என் மென்பொருளை உருவாக்கினார். காசுக்குக் கட்டுரை எழுதித் தரும் ஆலைகளின் தடம் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இதை வீட்டிலிருந்தே செய்யலாம்: கட்டுரையின் பிரைமர் (மரபணுவை அடையாளம் கண்டு பிடிக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டு) வரிசையை அமெரிக்க என்சிபிஐ தளத்தின் பிளாஸ்ட் என்ற தேடல் பெட்டியில் ஒட்டி, சொன்ன மரபணுதான் முதலில் வருகிறதா என்று பாருங்கள்.

ஓர் ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்ததும்

நம் பெயர்களில் ஒரு சிக்கல் முதலில் தீர வேண்டும். இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். செந்தில்குமார் கே என்றும் கே எஸ் குமார் என்றும் ஒரே ஆள் இரண்டு பேராவார், இரண்டு செந்தில்குமார்கள் ஒரே பக்கத்தில் கலப்பார்கள். புற்றுநோய்ப் பட்டியலுக்கு நடுவே கான்கிரீட் கலவையும் கரும்புச் சர்க்கரையும் வந்தால் சந்தேகப்படுங்கள். ஆர்கிட் எனப்படும் 16 இலக்க எண் இருந்தால் அதை வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

அடுத்து மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் பெயரைப் போட்டு ரிவ்யூக்களை வடிகட்டிக் கழியுங்கள். மிச்சம் இருப்பதில் கடைசிப் பெயராக வந்த ஐந்து கட்டுரைகளை எடுத்து, வேறு ஊரில் வேறு குழு அந்த முடிவை மறுபடி கண்டிருக்கிறதா என்று தேடுங்கள். இது எளிதாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2012-இல் ஆம்ஜென் நிறுவனத்தினர் 53 பெயர்பெற்ற புற்றுநோய்க் கட்டுரைகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே நின்றதாக நேச்சர் இதழில் எழுதினார்கள். திரும்பப் பெற்றவற்றைப் பப்மெட்டே தலைப்பில் குறித்துக் காட்டும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல் யாரும் எடுக்கும்படி திறந்திருக்கிறது. ஒரு திருத்த அறிவிப்பு இருந்தாலே தவறானவர் என்று முடிவுகட்ட வேண்டாம். தானாக முன்வந்து பிழையைத் திருத்துபவர்களும் இருக்கிறார்கள், அறிவிப்பில் யார் கேட்டு, எதற்காக என்று எழுதியிருக்கும்.

உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் என்று செய்தித்தாளில் வரும் பட்டியல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கொடுக்கும் விருதல்ல. அங்கே பேராசிரியராக இருக்கும் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவைக் கொண்டு தயாரிக்கும் எக்செல் கோப்பு. எச்-இன்டெக்ஸைவிட நல்லது என்றே சொல்லலாம். முதல் பெயர், கடைசிப் பெயர், தனி ஆசிரியர் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கிறது. தன்னைத்தானே மேற்கோள் காட்டியதைக் கழித்த வரிசையும் தனியே உண்டு. இரண்டு வரிசைக்கும் இடைவெளி ஆயிரக்கணக்கில் இருந்தால் காரணம் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஷோத்கங்கா. பாரதியார், பெரியார் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே முழுதாகக் கிடைக்கின்றன. நீங்கள் பார்க்கும் கைடின் பெயரைத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பதிவு செய்த ஆண்டுக்கும் முடித்த ஆண்டுக்கும் இடைவெளியைப் பாருங்கள். செய்முறை அத்தியாயத்தில் செல்லை எங்கே வாங்கினார்கள், எந்தப் பாசேஜ் வரை பயன்படுத்தினார்கள், மைக்கோபிளாஸ்மா சோதனை எந்த முறையில் செய்தார்கள் என்று தேடுங்கள். கட்டுரையில் ஒரே ஒரு நல்ல பட்டையாக வந்த படத்தின் முழு ஜெல் பின்னிணைப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த ஆய்வகத்துக்கு மின்னஞ்சல் எழுதலாம். இல்லையென்றால், நேரில் போகும் நாளில் இன்குபேட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் சீனியரிடம் இதையே கேட்டுவிட்டுப் பிறகு பேராசிரியர் அறைக்குப் போங்கள்.